வார இறுதிப் புதுப்படத்தைப் பற்றி, படிப்பவருக்குப் பயன்படும்படி எழுதுவது எப்படி?

புதுப்படம் பார்த்துவிட்டு அரங்கை விட்டு வெளியே வருகிறவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி "படம் எப்படி?" என்பதுதான். "ஒருமுறை பார்க்கலாம்", "தேறாது", "பின்பாதி இழுவை" என்று வாயால் பதில் சொல்லிவிடுவது எளிது. கேட்பவர் நம்மை ஆண்டுக்கணக்கில் அறிந்தவர். நமக்கு எது பிடிக்கும், எதற்குக் கொட்டாவி விடுவோம் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. ஆகவே நாம் சொன்ன ஒற்றைச் சொல்லில் நம் ரசனையைக் கழித்துக்கொண்டு தமக்கு வேண்டிய விடையை அவரே எடுத்துக்கொள்வார். அதே பதிலை எழுதி நாலு பேர் பார்வைக்கு வைக்கும்போது அந்தப் பழக்கம் துணைக்கு வராது. படிப்பவருக்கு நம்மைத் தெரியாது, நம் "தேறாது" என்பதன் எடையும் தெரியாது.

வாரந்தோறும் வெளியாகும் படங்களைப் பார்த்துக் குறிப்பெழுதத் தொடங்கும் ரசிகருக்கு நான் சொல்லக்கூடிய அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். உங்கள் ரசனைக்கு நேர்மாறான ரசனை உடையவர் உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு, "இவருக்குப் பிடிக்கவில்லை என்றால் என்ன, எனக்கு இது நிச்சயம் பிடிக்கும்" என்று தெளிவாக முடிவெடுத்து அரங்குக்குக் கிளம்ப முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் குறிப்பு தேறிவிட்டது. கீழே சொல்லியிருப்பவை எல்லாம் அந்த இடத்துக்குப் போய்ச் சேருவதற்கான வழிகள்.

எந்தப் படத்தை முதலில் பார்ப்பது

ஒரே வாரத்தில் மூன்று நான்கு படங்கள் வந்தால், எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் பெரிய படத்துக்குத்தான் கால் தானாகப் போகும். அதைச் சற்றுத் தள்ளிவைக்கச் சொல்வேன். காரணம் திரையரங்கு வணிகத்தின் நடைமுறையிலேயே இருக்கிறது. இந்தியா, அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் வெள்ளிக்கிழமையும், ஜெர்மனியிலும் ஆஸ்திரேலியாவிலும் வியாழக்கிழமையும், பிரான்சில் புதன்கிழமையும் புதுப்படங்கள் வெளியாகின்றன. நாள் எதுவானாலும் ஞாயிறு இரவுக்குள் சேர்ந்த கூட்டத்தைக் கணக்குப் பார்த்துத்தான் அடுத்த வாரம் எந்தப் படத்துக்கு எத்தனை காட்சிகள் என்று முடிவாகிறது. பெரிய படங்களுக்கு இரண்டாம் வாரத்தில் வசூல் பாதிக்கும் கீழே சரிவது சாதாரணம். சரிந்தாலும் அவை திரையில் இருக்கும். சிறிய படத்துக்கோ இரண்டாம் வாரமே கிடைக்காமல் போகலாம், அல்லது யாருக்கும் தோதுப்படாத ஒரு பகல் காட்சி மட்டும் மிஞ்சலாம்.

ஆகவே உங்கள் குறிப்பு உண்மையிலேயே ஒரு மாற்றத்தை உண்டாக்கக்கூடிய இடம் சிறிய படம்தான். பெரிய படத்தைப் பற்றி ஆயிரம் பேர் எழுதுவார்கள். ஆயிரத்தொன்றாவது குறிப்பு ஒரு நாள் தாமதமாக வந்தால் யாருக்கும் நட்டமில்லை. சிறிய படத்தை இரண்டாம் நாள் காலையிலேயே பார்த்து, அன்று மாலைக்குள் எழுதிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை என்ன பார்ப்பது என்று யோசிப்பவருக்கு அது உதவும். திங்கட்கிழமை எழுதும் பாராட்டு பல சமயம் இரங்கல் உரையாகவே முடிந்துவிடுகிறது.

தேர்வு செய்யும்போது முன்னோட்டத்தை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். பெரிய படங்களின் முன்னோட்டங்களைப் பெரும்பாலும் அதற்கென்றே இயங்கும் தனி நிறுவனங்கள் வெட்டித் தருகின்றன. படத்தின் பின்னணி இசை முடிவதற்கு முன்பே அவை தயாராவதால் வேறு இசை ஒலிப்பதும், இறுதிப் படத்தில் இல்லாத காட்சி இடம்பெறுவதும் உண்டு. முன்னோட்டத்தைக் கொண்டு தெரிந்துகொள்ளத் தக்கது, தயாரிப்பாளர் இந்தப் படத்தை யாருக்கு விற்க நினைக்கிறார் என்பது மட்டுமே. அதை மனத்தில் வைத்துக்கொண்டு போனால், படம் உண்மையில் யாருக்கானது என்பதோடு ஒப்பிட்டுச் சொல்ல வசதியாக இருக்கும். மற்றவர்களின் விமர்சனங்களை மட்டும் படம் பார்த்து எழுதி முடிக்கும்வரை படிக்கவே கூடாது; படித்துவிட்டுப் போனால் நாம் பார்ப்பது படத்தை அல்லாமல் அந்த விமர்சனம் சரியா என்பதையாகிவிடும்.

எந்தக் காட்சிக்குப் போவது

முதல் நாள் முதல் காட்சியில் அமர்ந்திருப்பவர்கள் படத்தைப் பிடித்துவிட வேண்டும் என்ற முடிவோடு வந்தவர்கள். இது குறை சொல்லும் பேச்சு அன்று. விருப்பப்பட்டு முதல் ஆளாக வருகிறவரின் இயல்பே அது. அமெரிக்காவில் 1979 முதல் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம், படம் வெளியாகும் முதல் நாள் பார்வையாளர்களிடம் கருத்துக் கேட்டு, படத்துக்கு ஏ, பி, சி என்று எழுத்தால் தரம் கொடுத்து வருகிறது. அதில் கிடைக்கும் மதிப்பெண்கள் விமர்சகர்கள் தருவதைவிடப் பொதுவாகக் கூடுதலாகவே இருப்பதற்கு, கேட்கப்படுபவர்கள் ஆவலோடு முந்திக்கொண்டு வந்தவர்கள் என்பதே முக்கியமான காரணம். அந்தக் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து எழுதினால் நம் குறிப்பிலும் அந்தச் சூடு ஏறிவிடும். கரவொலியில் பாதி வசனம் காதில் விழாது. விழாத வசனத்தை நன்றாக இருந்ததாகவே மனம் கணக்கில் வைத்துக்கொள்ளும்.

எனவே கொண்டாட்டத்துக்காக முதல் காட்சிக்குப் போவதானால் போங்கள், ஆனால் எழுதுவதற்காகப் போவது இரண்டாம் நாளின் ஏதேனும் ஒரு காட்சியாக இருக்கட்டும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. நகைச்சுவைப் படத்தை முக்கால்வாசி நிறைந்த அரங்கில்தான் பார்க்க வேண்டும். சிரிப்பு ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது. பத்துப் பேர் மட்டும் சிதறி உட்கார்ந்திருக்கும் கூடத்தில் நல்ல நகைச்சுவையும் வறண்டுபோகும். எந்த நாள், எந்தக் காட்சி, அரங்கு எவ்வளவு நிறைந்திருந்தது என்பதைக் குறிப்பின் தொடக்கத்திலேயே ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வரி, பின்னால் வரும் நூறு வரிகளை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கான திறவுகோல்.

அரங்கின் குறையைப் படத்தின் தலையில் கட்டாதீர்கள்

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதில் நானே ஒருமுறை நன்றாக ஏமாந்திருக்கிறேன். இரவில் நடக்கும் காட்சிகள் நிறைந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "ஒளிப்பதிவு இருளில் தடுமாறுகிறது, நடிகர்களின் முகமே தெரியவில்லை, என்ன நினைத்து இப்படி எடுத்தார்களோ" என்று சற்று எகத்தாளமாகவே எழுதினேன். மறுநாள் நண்பர் ஒருவர் கட்டாயப்படுத்தி வேறோர் அரங்குக்கு அதே படத்துக்கு அழைத்துச் சென்றார். முந்தைய நாள் வெறும் கருப்பாகக் கிடந்த சட்டகத்தின் ஓரத்தில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். காட்சி முழுக்க அவள் அங்கேயே இருக்கிறாள், நடப்பதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள், படத்தின் பிற்பகுதித் திருப்பமே அவள் கேட்டதால்தான் நிகழ்கிறது. நான் முதல் நாள் பார்த்தது படத்தையே அன்று, அதன் பாதியைத்தான்.

திரையரங்குக்கான தொழில்நுட்ப நெறி என்ன சொல்கிறது என்று தெரிந்திருந்தால் இந்தத் தவறு நேர்ந்திருக்காது. டிஜிட்டல் படக்காட்சியில் முழு வெள்ளை விழும்போது திரையின் நடுவே சதுர மீட்டருக்கு 48 கேண்டலா (ஒளியை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்க வேண்டும். படத்துக்கு வண்ணம் சரிசெய்பவரும் அந்த வெளிச்சத்தை வைத்தே வேலை செய்கிறார். படவீழ்த்தியின் (புரொஜெக்டரின்) செனான் விளக்கு பழசாக ஆக ஆக ஒளி குறையும். முப்பரிமாணக் காட்சிக்காக முன்னால் பொருத்தும், ஒளியை வடிகட்டித் துருவமாக்கும் சாதனத்தைக் கழற்றாமல் சாதாரணப் படத்தை ஓட்டினால் பாதிக்கு மேல் ஒளி காணாமல் போகும். பகல் காட்சிகளில் இந்தக் குறை கண்ணுக்கு உறைக்காது. இரவுக் காட்சி வந்தால் திரை சேறாகிவிடும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. படத்தில் வெளுத்த சுவரோ வெயிலில் நிற்கும் வெள்ளைச் சட்டையோ வரும்போது அது வெள்ளையாகத் தெரிகிறதா, சாம்பல் பூத்துத் தெரிகிறதா என்று கவனியுங்கள். வெள்ளையே சாம்பலாக இருந்தால், இரவுக் காட்சியைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது நல்லது.

ஒலியிலும் இதே கதைதான். திரையரங்கின் ஒலியளவுப் பொறியில் 7 என்ற எண் ஒரு பொது அளவு. படத்தின் ஒலிக்கலவை செய்யப்படும் கூடமும் படம் ஓடும் அரங்கும் அந்த 7இல் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. சத்தம் அதிகம் என்று யாராவது முறையிட்டால் அரங்கினர் அதை ஐந்துக்கோ நான்கரைக்கோ இறக்கிவிடுவார்கள். அப்போது முதலில் அடிபடுவது மெல்லப் பேசும் வசனம். வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவிலுள்ள ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. அந்த ஒன்று பழுதானால் இசை மட்டும் நான்கு பக்கமும் முழங்க, பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். இசையமைப்பாளர் வசனத்தை விழுங்கிவிட்டார் என்று எழுதுவதற்கு முன்னால், எல்லாக் காட்சிகளிலும் அப்படித்தானா, இசையே இல்லாத காட்சியிலும் பேச்சு தெளிவில்லையா என்று பாருங்கள். இசையற்ற காட்சியிலும் தெளிவில்லை என்றால் இசையமைப்பாளர் மீது பழியில்லை.

எங்கே உட்கார்வது என்பதும் இதோடு சேர்ந்தது. திரையிலிருந்து கூடத்தின் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, வரிசையின் நடுவில் உட்காருங்கள். ஒலிக்கலவை செய்பவர் தம் கூடத்தில் உட்காரும் இடமும் கிட்டத்தட்ட அதுவே. திரையின் வடிவத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான படங்கள் 1.85க்கு 1 அல்லது 2.39க்கு 1 என்ற அகல உயர விகிதத்தில் வருகின்றன. அகலமான படத்தை ஒடுக்கமான திரையில் காட்டினால் மேலும் கீழும் கருப்புப் பட்டை விழும், அது வழக்கமானது. நடிகரின் தலை உச்சி வெட்டுப்பட்டாலோ, வசன வரிகள் திரைக்குக் கீழே வழிந்தாலோ அது அரங்கின் தவறு. உடனே எழுந்து போய் ஊழியரிடம் சொன்னால் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் சரியாகும். எழுந்து போகச் சோம்பல்பட்டுவிட்டுக் குறிப்பில் புலம்புவதால் யாருக்கும் பயனில்லை.

இருட்டில் குறிப்பெடுத்தல்

கைப்பேசியை வெளியே எடுக்காதீர்கள். அதன் வெளிச்சம் பின்வரிசையில் உள்ளவரின் இரவை உடைக்கிறது, திரையைப் படமெடுப்பதோ பல நாடுகளில் தண்டனைக்குரிய குற்றம். உள்ளங்கை அளவுக் குறிப்பேடும் நன்றாக எழுதும் பென்சிலும் போதும். ஒரு பக்கத்துக்கு மூன்று சொற்களுக்கு மேல் எழுதக் கூடாது; இருட்டில் ஒரு வரியின் மேல் இன்னொரு வரி ஏறிவிட்டால் வெளியே வந்த பிறகு பிரம்மாவாலும் படிக்க முடியாது. நான் எழுதுவது பொருள்களின் பெயர்களை மட்டுமே: "ஈரச் செருப்பு", "தாழ்ப்பாள் இரண்டு முறை", "தங்கை திரும்பவில்லை". கருத்துகளை அங்கே எழுதுவதில்லை. "அருமை" என்று எழுதிய பக்கத்தை வீட்டில் புரட்டிப் பார்த்தால் எது அருமை என்று நினைவிருக்காது. "ஈரச் செருப்பு" என்றிருந்தால் அந்தக் காட்சி முழுவதும் கண்முன் வந்து நிற்கும்.

படத்தின் நடுப்பகுதியில் ஒருமுறையாவது அப்போதைய மனநிலையை ஒரு சொல்லில் குறித்துவைப்பது அவசியம். இடைவேளை விடும் அரங்கானால் அதுவே தக்க தருணம். உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பங்கேற்றவர்கள் ஒரு கையை 14 டிகிரிக் குளிர்நீரில் 60 நொடி வைத்திருந்தார்கள். மற்றொரு முறை அதே 60 நொடிக்குப் பிறகு நீரின் வெப்பத்தை மெல்ல ஒரு டிகிரி உயர்த்தியபடி மேலும் 30 நொடி வைத்திருந்தார்கள். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது, மொத்த வலி கூடுதலாக இருந்த நீண்ட முறையையே பெரும்பாலோர் தேர்ந்தெடுத்தார்கள், முடிவு சற்று இதமாக இருந்தது என்பதற்காக. நம் நினைவு உச்சத்தையும் முடிவையும் பிடித்துக்கொண்டு நடுவில் உள்ளதைக் கழுவிவிடுகிறது. உச்சக்கட்டக் காட்சி பிரமாதமாக அமைந்த படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது, அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் நாம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது மறந்தே போகும். அந்த ஒரு மணி நேரத்துக்குச் சாட்சி, நடுவில் எழுதிய அந்த ஒற்றைச் சொல்தான்.

படம் முடிந்ததும் பெயர்ப்பட்டியல் ஓடும்வரை இருங்கள். பெயர்களைத் தவறாக எழுதுவது ரசிகக் குறிப்புகளின் தீராத நோய். பாடலாசிரியரின் பெயரை இசையமைப்பாளருக்கும், சண்டைப் பயிற்சியாளரின் உழைப்பை இயக்குநருக்கும் கொடுத்துவிடுகிறோம். பிறகு உடன் வந்தவர்களோடு விவாதம் தொடங்குவதற்கு முன்னால் பத்து நிமிடம் தனியே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிவிடுங்கள். நாலு பேர் பேசிய பிறகு எது நம் கருத்து, எது நண்பர் உரக்கச் சொன்ன கருத்து என்று பிரித்தெடுக்க முடியாது.

எழுதும் முறை

முதல் இரண்டு வாக்கியங்களுக்குள் படம் எந்த வகையைச் சேர்ந்தது, எவ்வளவு நேரம் ஓடுகிறது, எந்த மொழியில் பார்த்தீர்கள், மொழிமாற்றமா, மூலமா என்பவை வந்துவிட வேண்டும். பிறகு கதைக்கு மூன்று வாக்கியம் போதும். கதைச் சுருக்கத்தையே முக்கால் பக்கத்துக்கு எழுதுவது, சொல்வதற்கு வேறொன்றும் இல்லாதவர் செய்யும் வேலை.

அடுத்து வருவதுதான் உயிர்நாடி. தீர்ப்பைச் சொல்வதற்கு முன் திரையில் இருந்ததைச் சொல்லுங்கள். "நாயகியின் நடிப்பு அபாரம்" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். இதில் படிப்பவருக்குக் கிடைப்பது எதுவுமில்லை. எந்தப் படத்தைப் பற்றியும் இதை எழுதலாம். இதே இடத்தில் இப்படி எழுதிப் பாருங்கள்: "அண்ணன் இறந்த செய்தியைத் தொலைபேசியில் கேட்கும்போது அவர் அழவில்லை, அடுப்பை அணைக்கிறார், பிறகு அணைத்துவிட்டோமா என்று மறுபடி குனிந்து பார்க்கிறார், அந்தக் குனிவு நிமிராமல் நீள்கிறது." இப்போது படிப்பவருக்கு நடிப்பின் தன்மை தெரிந்துவிட்டது. அடக்கமான நடிப்பை விரும்புகிறவர் கிளம்பிவிடுவார்; கண்ணீர் விட்டுக் கதறும் காட்சியை எதிர்பார்க்கிறவர், இது தமக்கானதில்லை என்று அறிந்துகொள்வார். "அபாரம்" என்ற சொல்லை நீங்கள் எழுதவே தேவையில்லை. ஒரு குறிப்பில் இப்படி இரண்டு இடங்கள் இருந்தால் போதும், மற்றவற்றை விரைவாகக் கடந்துவிடலாம்.

பிடிக்காததை எழுதும்போது இந்த ஒழுங்கு இன்னும் அவசியமாகிறது. "திரைக்கதையில் தொய்வு" என்று எல்லோரும் எழுதுகிறோம். தொய்வு எங்கே தொடங்கியது, எதனால்? பார்வையாளருக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்ட உண்மையை ஒரு பாத்திரம் தேடிக்கொண்டே நாற்பது நிமிடம் அலைகிறதா, அல்லது யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லாமல் காட்சிகள் அடுக்கப்படுகின்றனவா? காரணத்தைத் தேடிப் போனால் பாதி நேரம் நம் முதல் எரிச்சல் தவறானது என்று நமக்கே புரிந்துவிடும். அன்று நமக்குத் தலைவலி இருந்திருக்கலாம்.

தொழில்நுட்பக் கலைஞர்களை மதிப்பிடுவதில் கவனம் வேண்டும். "படத்தொகுப்பாளர் இருபது நிமிடத்தைக் கத்தரித்திருக்கலாம்" என்பது மிகவும் புழங்கித் தேய்ந்த வாக்கியம். படத்தின் நீளத்தை முடிவுசெய்வது பெரும்பாலும் இயக்குநரும் தயாரிப்பாளரும்தான். மேசைக்கு வந்த காட்சிகள் எவை, கழிக்கப்பட்டவை எவை என்பது நமக்குத் தெரியாது. படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச், ஒரு வெட்டு எங்கே விழ வேண்டும் என்பதற்கு ஆறு அளவுகோல்களைச் சொல்லி, அவற்றில் உணர்வுக்கு மட்டும் 51 விழுக்காடு கொடுத்தார். கதைக்கு 23, தாளத்துக்கு 10 என்று மற்றவை இறங்கிக்கொண்டே போகின்றன. நாமும் அதையே கேட்டுப் பார்க்கலாம்: அழுகை உச்சத்தை அடையும் முன் காட்சி மாறிவிட்டதா, சிரிப்பு அடங்குவதற்கு நேரம் கொடுத்தார்களா, கேள்வி கேட்டவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோமா, பதில் சொல்ல வேண்டியவரின் முகத்தையா? இவை நம் கண்முன் நடப்பவை. இவற்றைப் பற்றி எழுத நமக்கு உரிமை உண்டு.

கதையின் முடிச்சுகளை எந்த அளவுக்கு அவிழ்ப்பது என்பதில் என் வரம்பு இது: முன்னோட்டத்தில் காட்டியதையும், படத்தின் முதல் கால் மணி நேரத்தில் நடப்பதையும் சொல்லலாம், அதற்கு மேல் கூடாது. "யாரும் எதிர்பாராத திருப்பம் இருக்கிறது" என்று எழுதுவதும் முடிச்சை அவிழ்ப்பதே, ஏனெனில் அதைப் படித்தவர் ஒவ்வொரு காட்சியிலும் அந்தத் திருப்பத்தையே தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தினர் 2011இல் வெளியிட்ட ஆய்வொன்றில், முடிவை முன்கூட்டியே அறிந்து சிறுகதை படித்தவர்கள் அறியாமல் படித்தவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே ரசித்தார்கள் என்று தெரியவந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் சில இதற்கு மாறாகவும் சொல்லின. ஆய்வு எப்படிச் சொன்னாலும், முன்பே அறிவதா வேண்டாமா என்ற முடிவு படிப்பவருடையது. அதை அவரிடமிருந்து நாம் பிடுங்கிக்கொள்ளலாகாது.

நட்சத்திரமும் விழுக்காடும்

படங்களுக்கு நட்சத்திரம் போடும் வழக்கத்தை 1928 ஜூலையில் நியூயார்க் டெய்லி நியூஸ் நாளிதழில் ஐரீன் தைரர் என்ற விமர்சகர் தொடங்கினார். அப்போது மூன்றே நட்சத்திரங்கள்தாம். நூறாண்டை நெருங்கும் அந்த வழக்கத்தை நான் பின்பற்றுவதில்லை. நட்சத்திரம் போட்டால் படிப்பவர் அதை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஒரு பேய்ப் படத்துக்கும் குடும்பப் படத்துக்கும் ஒரே மூன்றரையைக் கொடுத்துவிட்டு, அவற்றில் எதைப் பார்ப்பது என்று கேட்பவருக்கு என்ன விடை சொல்வது? போட்டே தீர வேண்டுமென்றால், மூன்று என்றால் உங்கள் கணக்கில் என்ன பொருள் என்பதை ஓரிடத்தில் எழுதிவைத்து, அதை எப்போதும் மாற்றாமல் கடைப்பிடியுங்கள்.

இணையத்தில் காணும் விழுக்காட்டு எண்களை மேற்கோள் காட்டுவதற்கு முன் அவை எப்படிப் பிறக்கின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும். விமர்சனங்களைத் தொகுத்துத் தரும், 1998இல் தொடங்கிய ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் விழுக்காடு, படத்துக்கு விமர்சகர்கள் தந்த மதிப்பெண்களின் சராசரி அன்று. எத்தனை பேர் "பரவாயில்லை அல்லது அதற்கு மேல்" என்றார்கள் என்ற எண்ணிக்கையே அது. பத்து விமர்சகர்களும் ஐந்துக்கு மூன்று கொடுத்து, பரவாயில்லை என்று முணுமுணுத்தால் அந்தப் படம் 100 விழுக்காடு பெறும். ஆறு பேர் ஐந்துக்கு ஐந்து கொடுத்துத் துள்ளிக் குதிக்க, நால்வர் முகம் சுளித்தால் 60 விழுக்காடு. இரண்டில் எது பார்க்கத் தக்க படம் என்று கேட்டால், நான் யோசிக்காமல் இரண்டாவதற்கே போவேன். பலர் கொண்டாடவும் சிலர் வெறுக்கவும் செய்யும் படத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது.

வசூல் கணக்கைக் குறிப்பில் சேர்க்கவே வேண்டாம். வெளியே சொல்லப்படும் தொகை மொத்த வசூல். அதில் வரியும் அரங்கின் பங்கும் போக எஞ்சுவது வேறு. அதற்கும் படம் நன்றாக இருக்கிறதா என்பதற்கும் உறவில்லை.

சொல்லியே ஆக வேண்டிய சில

குழந்தைகளை அழைத்துப் போகலாமா என்ற கேள்விக்குத் தணிக்கைச் சான்று பாதி விடையைத்தான் தரும். ரத்தம் எவ்வளவு, விலங்கைத் துன்புறுத்தும் காட்சி உண்டா, பாலியல் வன்முறை கதையில் வருகிறதா, குழந்தை இறக்கிறதா என்பவற்றைக் கதையை அவிழ்க்காமல் ஒரு வரியில் தெரிவித்துவிடலாம். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் ஒளி, ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்தானது. அத்தகைய காட்சி இருந்தால் எந்த இடத்தில் வருகிறது என்று குறிப்பிடுங்கள். இதை எழுதும் விமர்சகர்கள் குறைவு.

நடிகர் உங்கள் அபிமான நடிகரானால் அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். நுழைவுச்சீட்டை யாராவது இலவசமாகத் தந்திருந்தால் அதையும், பாதியில் எழுந்து வந்திருந்தால் எந்த இடத்தில் எழுந்தீர்கள் என்பதையும் மறைக்காதீர்கள். பாதியில் எழுந்து வந்தவரின் குறிப்பும் பயனுள்ளதே; முழுவதும் பார்த்ததுபோல் எழுதுவதுதான் மோசடி.

எழுதியதை இரண்டு வாரம் கழித்து ஒருமுறை எடுத்துப் படியுங்கள். நினைவில் ஒரு காட்சியாவது தங்கியிருக்கிறதா என்று பார்த்து, தங்கியிருப்பது குறிப்பில் இல்லையென்றால் அடியில் தேதியோடு சேர்த்துவிடுங்கள். தவறு தெரியவந்தால் பழைய வாக்கியத்தை அழிக்காமல், அதன் கீழேயே திருத்தத்தை எழுதுங்கள். இருட்டில் கிழவியைத் தவறவிட்ட என் குறிப்பிலும் அப்படியே செய்தேன். ஒளிப்பதிவாளரை எகத்தாளம் செய்த பத்தி மேலே இருக்கிறது. அதற்கு நேர் கீழே, மறுநாள் தேதியிட்டு, "நேற்று நான் பார்த்த அரங்கின் விளக்கு மங்கல், காட்சியின் இடது ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், கவனித்துப் பாருங்கள்" என்ற ஒரு வரியும் இருக்கிறது.